யூலோ தன் பெயரைச் சொன்ன விதம்

மார்ச் 2, 2024, சனி

பிரெஞ்சு மொழியில் ஒரு வாக்கியம்கூட எனக்கு முழுமையாகப் புரியாது. ஆயினும் ழாக் தாத்தி இயக்கி நடித்த ‘முசியே யூலோவின் விடுமுறை’ (1953) திரையரங்கில் காட்டப்படுகிறது என்று அறிந்ததும் இன்று மாலைக் காட்சிக்குச் சென்றேன். தொடக்கத்திலேயே ஒரு ரயில் நிலையம். ஒலிபெருக்கி எதையோ கரகரவென அறிவிக்க, விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம் மூட்டை முடிச்சுகளுடன் சுரங்கப்பாதையில் இறங்கி அடுத்த நடைமேடையில் ஏற, ரயிலோ வேறொரு நடைமேடைக்கு வந்து நிற்கிறது. எனக்கு முன்வரிசையில், படம் தொடங்கும்வரை பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நானும் ஒரே நொடியில் சிரித்தோம். அந்த அறிவிப்பு எந்த மொழியிலும் இல்லை. சொற்களைப் போல ஒலிக்கும் இரைச்சல் மட்டுமே. மொழி தெரியாதவன் என்ற கூச்சம் அங்கேயே என்னை விட்டு நீங்கியது.

விடுதிக்கு வந்து சேரும் யூலோ (தாத்தியே ஏற்ற பாத்திரம்), வாயில் புகைக்குழாயை வைத்தபடியே தன் பெயரைச் சொல்கிறார். விடுதிக்காரர் அந்தக் குழாயை அவர் வாயிலிருந்து எடுத்த பிறகுதான் ‘யூலோ’ என்பது தெளிவாகக் கேட்கிறது. கதாநாயகன் திருத்தமாகப் பேசும் மிகச் சில சொற்களில் அதுவும் ஒன்று.

மார்ச் 3, ஞாயிறு

நேற்றைய காட்சியில் ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. உணவுக்கூடக் காட்சியில் யாரோ இருவர் பேசிக்கொண்டதை சப்டைட்டிலில் வாசித்துக்கொண்டிருந்தபோது அரங்கு முழுவதும் சிரித்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தச் சேட்டை முடிந்துவிட்டது. வசன நகைச்சுவை எழுத்தில் வரும்வரை காத்திருக்கும். உடல் நகைச்சுவைக்கு உரிய கணமோ ஓர் இமைப்பொழுதுதான். தாத்தி திரையின் ஓரங்களிலும் பின்புலத்திலும் வேடிக்கைகளை ஒளித்து வைப்பவர் என்பதால் இழப்பு இன்னும் பெரிது.

மார்ச் 9, சனி

மீண்டும் சென்றேன். இம்முறை திரையின் அடிப்பகுதியைப் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். சொற்களைத் துரத்துவதை விட்டதும் காது வேறு விதமாக விழித்துக்கொண்டது. உணவுக்கூடத்தின் கதவு ஒவ்வொரு முறை ஆடும்போதும் தந்தியைச் சுண்டியதுபோல் எழும் அந்த ஒலியைச் சென்ற வாரம் நான் கவனிக்கவே இல்லை. படப்பிடிப்புக்குப் பின் ஒலிகளைத் தனியே சேர்த்துச் செதுக்கும் தாத்திக்கு, அந்தக் கதவு ஒரு பாத்திரத்துக்கு நிகர்.

டென்னிஸ் காட்சியில், மட்டை விற்றவர் கையை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டியதை யூலோ அப்படியே செய்து எல்லோரையும் தோற்கடிக்கிறார். ‘மியூசிக் ஹால்’ எனப்படும் பல்சுவை அரங்குகளில் விளையாட்டு வீரர்களை அபிநயித்துப் பெயர் பெற்றவர் தாத்தி. அந்தத் தேர்ச்சி ஒவ்வொரு வீச்சிலும் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் சருகுகள் ஒட்டிக்கொண்ட டயர் டியூப் மலர்வளையமாக ஏற்றுக்கொள்ளப்படுவதையும், துக்கம் விசாரிப்போர் வரிசையில் யூலோ பணிவுடன் கைகுலுக்குவதையும் இம்முறைதான் முழுதாகக் கண்டேன்.

ஆனால் என் மனத்தில் தங்கியது மிகச் சிறிய ஒன்று. மிட்டாய் வண்டியின் கொக்கியில் தொங்கும் பாகு மெல்ல மெல்ல நீண்டு தரையை நோக்கி இறங்க, அது விழுந்துவிடுமோ என்று யூலோ பதறுகிறார். என்னை அறியாமல் நானும் இருட்டில் கையை நீட்டியிருந்தேன்.