பழைய பில்களும் மாறிவிடுமே, சார்?

"வரி விகிதம் மாறினால் பழைய பில்களும் சேர்ந்து மாறிவிடுமே, சார்?" என்று, என்னிடம் எக்செல் ஷீட்டைத் திருத்தி வாங்கிய ஒருவர் கேட்டார். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். நடந்தது இவ்வளவுதான். யாரும் கோபப்படவில்லை, கணக்கிலும் எதுவும் பிசகவில்லை. ஆனாலும் என் பதில் எனக்கே இன்னும் உறுத்துகிறது.

அவர் அனுப்பிய எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே, விற்பனை வரி விகிதத்தை ஃபார்முலாவுக்குள்ளேயே எண்ணாகத் தட்டியிருந்தார். எனக்கு அது ஆகவே ஆகாது. எண் உள்ளே ஒளிந்துகொண்டால் எந்த வரிசையில் என்ன விகிதம் போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு செல்லாகத் திறந்து பார்க்க வேண்டும். அதனால் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். விகிதத்தை பி1 செல்லில் ஒரே முறை எழுதுங்கள். ஃபார்முலாவில் பி1 வரும் இடத்தில் எஃப்4 விசையை அழுத்துங்கள். எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டாலர் குறி விழும். அதன் பிறகு எவ்வளவு தூரம் கீழே இழுத்தாலும் பி1 நகராது. டாலர் குறி இல்லாவிட்டால் அடுத்த வரிசையில் பி2, அதற்கடுத்து பி3 என்று இறங்கிக்கொண்டே போகும். அந்த செல்கள் காலியாக இருந்தால் எக்செல் அவற்றைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு வரி 0 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

இதில் எதுவும் தவறில்லை. இன்றும் இதையேதான் சொல்வேன். ஆனால் அது உத்தேச விலைப்பட்டியல் போன்ற ஷீட்டுக்கான பாடம், பேரேட்டுக்கானது அல்ல. விகிதம் மாறினால் எல்லா வரிசைகளும் ஒன்றாக மாறுவதுதான் அங்கே வசதி.

ஆனால் அவர் கேட்டது பில்களைப் பற்றி. கொடுத்துவிட்ட பில்லில் அன்றைய விகிதம்தான் இருக்க வேண்டும். டாலர் குறி செல்லின் இடத்தை மட்டுமே பூட்டும். அதற்குள் இருக்கும் எண் எந்தத் தேதிக்கானது என்பது அதற்குத் தெரியாது. பி1-இல் புதிய விகிதத்தைத் தட்டிய அந்த நொடியில், வசூலித்து முடித்த வரியும் வேறு தொகையாகிவிடும். அவருடைய ஒழுங்கற்ற ஷீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது.

விடை எனக்குத் தெரியாமல் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனியாக ஓர் அட்டவணை வைத்து, பில்லின் தேதியைக் கொண்டு அதில் தேடி எடுக்கலாம். அந்த அட்டவணையின் எல்லைக்கும் டாலர் குறி வேண்டும் என்பதால் என் பாடமும் வீணாகாது. அல்லது விகிதத்துக்கென்று தனியாக ஒரு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே மதிப்பாகவே பதிந்துவிடலாம். சொல்ல இரண்டு நிமிடம் போதும். மாலைக்குள் ஷீட் போக வேண்டியிருந்தது, அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அப்படி ஒன்றும் அவசரம் இருக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கிறது. நான் திருத்திக் கொடுத்த ஷீட்டில் அவர் குறை கண்டது எனக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ.

1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் நிரலில் ஒரு ஃபார்முலாவை நகலெடுக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் 'இது நகர வேண்டுமா, அப்படியே நிற்க வேண்டுமா' என்று நிரலே கேட்குமாம். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு கணம் யோசிக்க வைத்திருக்கும். இப்போது எஃப்4 அழுத்துகிற விரல் யோசிப்பதே இல்லை. என்னுடையது நிச்சயமாக இல்லை.

பிறகு ஒருநாள் அவருடைய ஷீட் வேறொரு வேலைக்காக என்னிடம் வந்தது. மேலே பி1-இல் விகிதம், ஃபார்முலாவில் டாலர் குறிகள், எல்லாம் நான் சொன்னபடியே. கொடுத்து முடித்த பில்களின் வரிசைகளில் மட்டும் ஃபார்முலாவே இல்லை; மதிப்புகளாக மாற்றி ஒட்டியிருந்தார். என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஃபார்முலா இல்லாத வரிசையைத் தணிக்கை செய்பவர் எப்படிச் சரிபார்ப்பார் என்று அங்கேயும் ஒரு குறை சொல்ல என்னால் முடியும். சொல்லாமல் ஒப்புதல் கொடுத்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு இன்னமும் ஒரே செல், டாலர் குறி என்றுதான் ஆரம்பிக்கிறேன். பழைய பில்களைப் பற்றி யாராவது கேட்டால் அட்டவணையைக் காட்டுவேன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்வதும் இல்லை.