திருவொற்றியூர் மாடியிலிருந்து எம் 78: எது தூசி, எது நகர வெளிச்சம்?

6 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியையும் குளிரூட்டப்பட்ட வண்ணக் கேமராவையும் மொட்டை மாடியில் வைத்து, ஓரியன் விண்மீன் மண்டலத்திலுள்ள எம் 78 என்ற நெபுலாவை (விண்வெளியில் மிதக்கும் தூசி, வாயு மேகத்தை) இந்தத் தை மாதத்தில் படமெடுத்து வருகிறேன். செபியஸ் மண்டலத்தின் ஐரிஸ் நெபுலாவும் தூசி மிகுந்ததுதான். ஆனால் சென்னையில் அது வடக்கே 35 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, எனக்கு வடக்கே இருப்பதோ எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளின் வெளிச்சம். எம் 78 ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் உச்சியைக் கடக்கிறது.

ஒளிரும் வாயு நெபுலாக்கள் என்றால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் அலைநீளங்களை மட்டும் விடுகிற ஃபில்டரைக் கொண்டு நகரத்திலும் சமாளித்துவிடலாம். எம் 78இல் நாம் பார்ப்பது, உள்ளிருக்கும் விண்மீன்களின் ஒளியைத் தூசி சிதறடிப்பதை. அது எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது, எல்இடி தெருவிளக்கின் ஒளியும் அப்படியே. எனவே ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். மிஞ்சியிருப்பது நேரம் ஒன்றே. வானப் பின்னணி 4 ஒளித்தரம், அதாவது ஏறத்தாழ 40 மடங்கு, கூடுதல் வெளிச்சமாக இருந்தால், இருண்ட ஊரில் 1 மணி நேரத்தில் கிடைப்பதற்கு இங்கே ஏறத்தாழ 40 மணி நேரம் வேண்டும். போகிப் புகை அடங்கும்வரை அதையும் தொடங்க முடியவில்லை.

இதைவிடக் கடினமானது, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்த படத்தில் மங்கலாகத் தெரிவது தூசியா, நகர வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமா என்று முடிவு செய்வது. பின்னணியைச் சமன் செய்யும் மென்பொருளைத் தாராளமாக இயக்கினால் அது தூசியையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. தயங்கினால் நகரத்தின் ஒளி நெபுலாவாக வேடமிடுகிறது. ஆகவே உச்சி கடப்பதற்கு முன் கடல் பக்கமாக எடுத்தவற்றையும், கடந்தபின் மேற்கே எடுத்தவற்றையும் தனித்தனியாக அடுக்குகிறேன். அடிவானத்தை நோக்கி வெளிச்சம் கூடுவதால், முதல் தொகுப்பில் நெபுலாவின் கிழக்குப் பக்கமும் இரண்டாவதில் மேற்குப் பக்கமும் வெளுக்கின்றன. மேலும் உச்சியில் தொலைநோக்கி மறுபுறம் திரும்பும்போது கேமராவும் 180 பாகை சுழல்வதால், ஃபிளாட் படங்கள் (கருவியின் கறைகளைக் கழிக்க, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுப்பவை) சரிசெய்யத் தவறிய கறைகள் இடம் மாறிவிடுகின்றன. இரண்டிலும் விண்மீன்களோடு ஒட்டி அதே இடத்தில் நிற்பதை மட்டுமே தூசி என்று ஏற்கிறேன்.

இந்தச் சோதனையில் எம் 78க்கும் அருகிலுள்ள என்ஜிசி 2071 நெபுலாவுக்கும் இடையே ஓடும் கரும்பட்டை தெளிவாகத் தேறியது. படத்தின் விளிம்பிலிருந்த அழகிய பழுப்பு மேகம் தேறவில்லை. மேற்குத் தொகுப்பில் மட்டும் தெரிந்ததால் அதை நீக்கிவிட்டேன். இப்போதைய படம் சற்று வெறுமையாகத்தான் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் வரை, மாசியிலும் இதே நெபுலாவுக்கே நேரம் சேர்க்கப் போகிறேன்.