ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் மோனோடைப்

மோனோடைப் அச்சுக்கு வேண்டியவை கொஞ்சம்தான். வழுவழுப்பான ஒரு தகடு, அதன்மேல் மை, மையின்மேல் தாள், தாளின்மேல் அழுத்தம். மரத்தைச் செதுக்க வேண்டாம், எச்சிங் முறையைப் போலச் செம்புத்தகட்டை அமிலத்தில் அரிக்க வேண்டாம். தகட்டில் எந்தக் கோடும் நிலையாகப் பதிவதில்லை என்பதால் முழுசாக விழும் படம் ஒன்றே ஒன்றுதான். தாளை உரித்த பிறகு தகட்டைத் துடைத்தால் மறுபடி வெறும் தகடு. வாட்டர் கலரில் பல வருடம் வரைந்த எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பவே பிடித்துப்போனது. மை காயும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் அழிக்கலாம், மாற்றலாம். தாள் விழுந்த பிறகு பேச்சே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டிலேயே பழகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கைக்கு வந்ததை எழுதி வைக்கிறேன். ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது: படம் நன்றாக விழுவதும் விழாததும் கோட்டில் இல்லை, மையின் கனத்தில் இருக்கிறது.

தகடாக எடுத்துக்கொண்டது அக்ரிலிக் ஷீட். மார்த்தாண்டத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டிப்போட்ட துண்டுகள் கிடைத்தன. நான்கு விளிம்புகளையும் அரத்தால் சாய்வாக ராவி, மூலைகளை மழுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அழுத்தும்போது ஈரத்தாளை விளிம்பு அறுத்துவிடும். அடியில் பென்சில் படத்தை வைத்து அதைப் பார்த்து மேலே வரையலாம் என்பது இந்தத் தகட்டின் வசதி. அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பி விழும் என்பதால், டிரேசிங் தாளில் வரைந்து கவிழ்த்து வைத்துக்கொள்கிறேன்.

தண்ணீரில் கரையும் மை எனக்கு ஒத்துவரவில்லை. ஏப்ரல் வெயிலில், துடைக்கத் தொடங்கும் முன்பே ஓரங்கள் காய்ந்துவிடுகின்றன. எண்ணெய் மையில் அவசரம் கிடையாது. எச்சிங்குக்கென்றே வரும் மை வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். பழகுவதற்கு ஆஃப்செட் அச்சகங்களில் ஓடும் கறுப்பு மை தாராளம். நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மிஷன் அச்சகம் ஓடியிருக்கிறது. அந்த ஊரில் மைக்காக அலைய வேண்டியதில்லை. ஆஃப்செட் மையில் சீக்கிரம் காய்வதற்கான டிரையர் கலந்திருக்கும். டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டிவிடும். எடுக்கும்போது குழி தோண்டாமல் மேலாக வழித்தெடுத்து, மையை ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வைப்பது நல்லது.

இனி மை பரப்பும் வேலை. நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். பட்டித்தகட்டால் கொஞ்சம் மையை எடுத்துக் கண்ணாடிப் பலகையில் ஒரு கோடாக இழுத்து, அதிலிருந்து ரோலரால் பரப்புகிறேன். தள்ளி முடிக்கும் இடத்தில் ரோலரைத் தூக்கிவிட்டால் அது தானாகச் சுழன்று, அடுத்த முறை வேறு பக்கம் பலகையில் படும். தூக்காமல் முன்னும் பின்னும் உருட்டினால் அதே பக்கம் அதே இடத்தில்தான் பட்டுக்கொண்டிருக்கும், மையும் திட்டுத்திட்டாகவே நிற்கும். பரப்பப் பரப்பச் சத்தம் மாறும். மை கூடுதலாக இருக்கும்போது சளசளவென்று பிசுபிசுப்பான சத்தம். அளவு சரியாக வந்ததும் அது அடங்கி, பட்டுச்சேலையை மடிக்கும்போது வருகிற சரசரப்பாக ஆகிவிடும். அதைக் கேட்பதற்காகவே ஃபேனை நிறுத்திவிட்டு மை பரப்புகிறேன்.

கண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு. தகட்டைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மையின் மேல்பரப்பில் பொடிப்பொடியான முகடுகள் தெரியும். முகடு பெரிதாக இருந்தால் மை அதிகம் என்று அர்த்தம். அழுத்தும்போது அது பிதுங்கி, துடைத்தெடுத்த வெள்ளைக் கோடுகளை மூடிவிடும். எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருந்தாலும் பயனில்லை.

அளவோடு இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் மை இளகிவிடுகிறது. அதற்கு மெக்னீசியம் கார்பனேட் சேர்ப்பார்கள். ஜிம்மில் பாரம் தூக்குகிறவர்கள் உள்ளங்கையில் பூசும் வெள்ளைத்தூள் அதுதான். ஒரு சிட்டிகை போட்டுக் குழைத்தாலே மை இறுகுகிறது. இளக்க வேண்டுமென்றால் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இரண்டு சொட்டு. மரச்சாமானுக்குப் பூச ஹார்டுவேர் கடையில் விற்பதே போதும்.

வரைவதற்கு இரண்டு வழிகள். வெறும் தகட்டில் தூரிகையால் மை தொட்டு வரைவது ஒன்று. தகடு முழுக்கக் கறுப்பை ஏற்றிவிட்டு, துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை எடுப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. 1640-களில் ஜெனோவாக்காரரான இத்தாலிய ஓவியர் காஸ்டிக்லியோனே இப்படித்தான் செய்தார். 1870-களில் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் டெகா இதைக் கையிலெடுத்து, துணியாலும் விரலாலும் துடைத்தே விளக்கொளியில் இருக்கும் மனிதர்களை வரைந்தார். அவருடைய அச்சுகளில் சில இடங்களில் விரல் ரேகையே தெரியும்.

இந்த வழிக்கென்றே வாய்த்தது போல ஒரு இடம் தக்கலை பக்கத்தில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை. (இருப்பது நம் மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை.) வெளியே கண்ணைக் கூசும் வெயில் அடித்தாலும் உள்ளே அரை இருட்டு. மரச்சட்டம் வைத்த சன்னல் வழியாக வெளிச்சம் கீற்றுக்கீற்றாக நுழையும். பளபளக்கும் கறுப்புத் தரையில் அதே கீற்றுகள் இன்னொரு முறை கிடக்கும். இதை வாட்டர் கலரில் வரைந்தால் வெள்ளைக் கீற்றுகளை விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பைப் பூச வேண்டும். மோனோடைப்பில் இருட்டு முதலிலேயே இருக்கிறது, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டால் போதும். அந்த இடத்தைப் பார்க்கிற விதமும் அதுதானே!

சன்னல் கீற்றுகளுக்கு, தென்னை ஈர்க்கிலின் நுனியில் பழைய வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றி ஒரே இழுப்பில் துடைக்கிறேன். தகடு தெரியும்வரை மை போய்விட வேண்டும். தரையில் தெரியும் கீற்றுகளை அப்படித் துடைக்கக் கூடாது. துடைத்தால் தரை என்ற உணர்வே போய், அங்கே இன்னொரு சன்னல் திறந்தது போலாகிவிடும். கசக்கிய துணியால் மெதுவாக ஒற்றி, பாதி மையை மட்டும் எடுத்து, காய்ந்த விரலால் ஒருமுறை கீழ்நோக்கி இழுத்தால் ஈரம் படிந்தது போன்ற ஒரு சாம்பல் வருகிறது. அந்தச் சாம்பல்தான் தரையைப் பளபளக்க வைக்கிறது. ஒற்றும்போது எவ்வளவு மை வரும் என்பதும் முதலில் ஏற்றிய கனத்தைப் பொறுத்ததுதான்.

தொடக்கத்தில் கையால்தான் அச்சிட்டேன். நல்ல சிரட்டை ஒன்றின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கி, தாளின் முதுகில் வட்டவட்டமாகத் தேய்ப்பது. மெல்லிய தாளுக்கு இது அருமையாக வேலை செய்யும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த பருத்தித் தாளில், அதுவும் அரண்மனை மாதிரி பெரிய கறுப்புப் பரப்பில், அங்கங்கே வெளுத்துவிடும். அதற்கு உருளை அழுத்தம் வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இப்போது ரப்பரைப் பாலாகவே கொடுத்துவிடுவதால், முன்பு ஷீட் அடித்த மெஷின்கள், ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை ஓரம் சும்மா கிடந்தன. வரி போட்ட உருளைகள் உள்ளது ஒன்று, வழுவழு உருளைகள் உள்ளது இன்னொன்று. வழுவழு மெஷினை எச்சிங் பிரஸ்ஸுக்கு நெருங்கிய சொந்தம் என்றே சொல்லலாம். இரண்டு இரும்பு உருளை, பல்சக்கரம், கைப்பிடி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்க இரண்டு பக்கமும் திருகு. துருவைத் தேய்த்தெடுத்துக் கிரீஸ் போட்டதும் நன்றாகவே சுற்றியது. எனக்குத் தெரியாத பாதி வேலை பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

“ரெண்டு பக்கமும் ஒரே கணக்கா முறுக்கணும் மக்ளே. இல்லன்னா ஒரு ஓரம் கனத்தும் மத்த ஓரம் மெலிஞ்சும் வரும்” என்றார். ஷீட்டுக்குச் சொன்னது அப்படியே அச்சுக்கும் பொருந்துகிறது. உருளையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாளிதழ்த் துண்டை விட்டு, அவற்றைக் கையால் இழுத்துப் பார்த்தே திருகைச் சரிசெய்து கொடுத்தார். இரண்டு துண்டும் ஒரே பிடிப்பில் வர வேண்டும்.

பிரஸ்ஸில் இருக்கும் மேடை இதில் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு அலுமினியத் தகடு. அதன்மேல் மை ஏற்றிய அக்ரிலிக், ஈரத்தாள், ஒரு நியூஸ்பிரிண்ட் தாள், கடைசியில் மடித்த கம்பளி. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து உருளை வாயில் கொடுத்து நிறுத்தாமல் சுற்ற வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். சிரட்டையில் வெளுத்த கறுப்பு இப்போது ஒரே சீராக, ஆழமாக விழுகிறது. தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி இன்னும் கொஞ்சமும் குறையவில்லை.

தடித்த பருத்தித் தாளை நனைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இருபது நிமிடம் தண்ணீரில் போட்டு, துண்டுகளுக்கு நடுவே ஒற்றி, மேலே மினுமினுப்பு இல்லாமல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் பதத்தில் எடுக்கிறேன். பல தாள்களை மொத்தமாக நனைத்துப் பிளாஸ்டிக் பையில் அடுக்கி வைக்கும் பழக்கம் அச்சுக் கலைஞர்களிடம் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் அந்தப் பையை இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை, பூசணம் பிடித்துவிடும். மை காய்வதும் மழைக்காலத்தில் இழுத்துக்கொண்டே போகும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, தொடாமல் விட்டுவிடுவதுதான் வழி.

முதல் அச்சு எடுத்த பிறகும் தகட்டில் கொஞ்சம் மை மிச்சம் இருக்கும். அதில் இரண்டாவது தாளை விட்டால் மங்கலான ஒரு படம் வரும். ‘கோஸ்ட்’ என்பார்கள். டெகா அதன்மேல் பாஸ்டல் என்னும் வண்ணக் கட்டியால் வண்ணம் போட்டுத் தனிப் படமாகவே ஆக்கினார். எனக்கு இது கைகொடுத்தது ரப்பர் இலையில். தை மாசத்தை ஒட்டி மரங்கள் இலை உதிர்க்கும்போது, மும்மூன்றாகக் காம்போடு விழுந்து கிடப்பதைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்கிக்கொண்டேன். மை ஏற்றிய தகட்டில் இலையை வைத்து அச்சிட்டால் முதல் தாளில் இலை வெறும் வெள்ளை வடிவம்தான். இலையை எடுத்துவிட்டு இரண்டாவது தாளை விட்டால் நடுநரம்பு, கிளைநரம்பு, பூச்சி கடித்த ஓட்டை எல்லாம் அதில் வந்துவிடுகிறது. முதல் அச்சைவிட இதைத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

துடைப்பதற்கு மண்ணெண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெயே மையை இளக்கிவிடும். ஆனால் அது காயாத எண்ணெய். துளி மிஞ்சினாலும் அடுத்த அச்சில் மை காயாது. பின்னாலேயே சோப்புத் தண்ணீரால் தகட்டையும் ரோலரையும் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். ரோலரை அதன் ரப்பர் முகம் எதிலும் படாமல் தொங்கவிடுவது முக்கியம். கீழே கிடத்தினால் நாளடைவில் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும்.

இப்போது வண்ணத்துக்கு வந்திருக்கிறேன். கிருஷ்ணா ரெட்டி என்ற அச்சுக் கலைஞர், ஆந்திராவில் பிறந்து, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்து, பிறகு பாரிஸ் போனவர். மைகளின் இளக்கத்தை வைத்தே ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றும் முறையில் பேர்பெற்றவர். எண்ணெய் கலந்து இளக்கிய மையின்மேல் இறுகிய மையை உருட்டினால் அது ஒட்டாது, வெறும் இடத்தில்தான் ஒட்டும். அதை நம்பி, தோவாளைச் சந்தையில் வாங்கிய செவ்வந்தியைப் பார்த்து இளகிய மஞ்சளில் இதழ்களை வரைந்து, மேலே இறுகிய நீலத்தை உருட்டினேன். இதழ்களை நீலம் தொடவில்லை! விளிம்புகளில் மட்டும் மெல்லிய பச்சை. ஒரே தடவைதான் உருட்ட வேண்டும். ரோலர் ஒரு சுற்று முடிந்து திரும்பினால் அதில் ஒட்டிய மஞ்சள் நீலத்தில் கறையாக விழும். இரண்டு அங்குல விட்டமுள்ள என் ரோலர் ஒரு சுற்றில் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடும். அதனால் இப்போதைக்குத் தகட்டின் நீளமும் அவ்வளவுதான். பெரிய ரோலர் ஒன்று செய்து தர முடியுமா என்று, உருளைகளுக்கு ரப்பர் போடும் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.