எம்ஜிபி-க்கு புது ஆயில் கூலர் ஹோஸ்
இங்கிலாந்து அபிங்டன்ல செஞ்ச நம்ம 1972 எம்ஜிபி கார்ல, இன்ஜின் ஆயிலை ஆற வைக்கற கூலருக்குப் போற ஹோஸ் (ரப்பர் குழாய்) ரெண்டையும் நேத்து ஒருவழியா மாத்திட்டேன். பழசை வளைச்சுப் பாத்தா ரப்பர் பாளம் பாளமா வெடிச்சிருக்கு, விரல் வச்சா கருப்பா பிசுபிசுன்னு ஒட்டுது. வண்டி ஓடும்போது 50-ல இருந்து 80 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஆயில் இதுக்குள்ளதான் போகுது, ஹோஸ் பிச்சுக்கிட்டா கொஞ்ச நேரத்துல ஆயில் முழுக்க ரோட்டுல, அப்புறம் இன்ஜின் பேரிங் காலி.

நட்டைக் கழட்டும்போது கூலர் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால கெட்டியா பிடிச்சுக்கங்க, இல்லன்னா கூலரோட கழுத்தே முறுக்கிக்கும், இது ரொம்ப முக்கியம். ரேடியேட்டர் தகட்டு ஓட்டைல இருக்கற ரப்பர் கிராமெட்டும் (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்) புதுசுதான் போட்டேன், அது இல்லாட்டி ஹோஸ் உரசியே தேஞ்சிடும்.

மாட்டினதும், இன்ஜினை ஓட விடறதுக்கு முன்னாடி ஆயில் அழுத்தம் ஏறட்டும்னு ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுத்தினேன், ஆயில் பிரஷர் கேஜ் முள்ளு மெல்ல எழுந்தப்பதான் உயிரே வந்துச்சு.