சாண ஈயும் சுவர்ப்பாசியும்: திருவையாற்றுப் படித்துறையில் செய்து பார்த்தது

வடகோளத்தின் குளிர்ப்பகுதிச் சதுப்புகளில், மூஸ் மான் இட்ட சாணத்தின் மேல் வளரும் ஸ்பிளாக்னம் லூட்டியம் என்ற பாசி (moss), விதைபோல் பரவும் தன் நுண்துகள்களான ஸ்போர்களைக் காற்றை நம்பி விடுவதில்லை. ஸ்போர்கள் அடங்கிய பையான காப்சூலுக்குக் கீழே மஞ்சள் குடைபோல் விரிந்த பகுதியும் அதிலிருந்து எழும் நாற்றமும் ஈக்களை இழுக்க, அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஸ்போர்கள் புதிய சாணத்துக்குப் போய்ச் சேருகின்றன. ஈக்கு இதில் கூலி எதுவும் இல்லை. டெல்டாவின் சுவர்ப்பாசிக்கு அந்த நாற்றத்தை மட்டும் கடன் கொடுத்தால் ஈ அதன் ஸ்போரையும் சுமக்குமா என்பதே என் கேள்வி.

குடமுருட்டி ஆற்றுப் படித்துறையின் செங்கற் சுவரில் ஹையோஃபிலா பாசி உண்டு. காய்ந்தால் இலைகளை உள்ளே சுருட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் அதில் காப்சூல்கள் முதிர்ந்திருந்தன. மார்கழியில் ஈக்குப் பஞ்சமில்லை; வாசற்கோலத்தில் பூசணிப்பூ செருகிய சாண உருண்டைகளே போதும். ஆனால் சாணத்தில் நடந்த ஈயின் காலில் பூஞ்சை ஸ்போர்களும் இருக்கும் என்பதால், பாசியைத் தொடாத சில ஈக்களை முதலில் வாஸ்லைன் களிம்பு பூசிய கண்ணாடித் தகட்டில் நடக்கவிட்டு, ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டேன். பிறகு மல் துணி கட்டிய இரண்டு புட்டிகளில், ஒன்றில் வெறும் பாசியையும் மற்றொன்றில் அடிப்புறம் சாணக் கரைசல் தடவிய பாசியையும் வைத்து ஈக்களை விட்டேன்.

வெறும் பாசியை ஈக்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாணம் தடவியதில் மொய்த்து, காப்சூல்களை உரசியபடி நடந்தன. ஆயினும் அந்த ஈக்கள் நடந்த தகட்டை ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒப்பீட்டுத் தகட்டில் இல்லாத ஸ்போர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியாகவே கிடந்தன. சுவரருகே காற்றுக்கு எதிராகத் தொங்கவிட்ட தகட்டில் அவற்றைவிட அதிகம் படிந்திருந்தன.

ஸ்பிளாக்னத்தைப் பற்றிப் பேசுவோர் நாற்றத்துக்கே முதலிடம் தருகிறார்கள். என் கணிப்பில் பிசுபிசுப்புக்கும் அதே அளவு பங்கு உண்டு. அதன் ஸ்போர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக வெளிவருகின்றன. காப்சூல் காய்ந்து சுருங்குகையில் நடுத்தண்டு அத்திரளை வாய்க்கு வெளியே தள்ளி, ஈயின் காலுக்கு எட்டும்படி வைக்கிறது. ஹையோஃபிலாவின் ஸ்போரோ உலர்ந்த பொடி.

அடுத்து, உலர்ந்த காப்சூல்களின் வாயில் நீர்த்த வேலம்பிசினைத் தொட்டு வைத்து, அதே புட்டியில் மீண்டும் ஈக்களை விடப்போகிறேன். ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை அடைத்தபின் சுவரின் ஈரம் குறைந்துவிடும் என்பதால், பாசித் திட்டுகளை இப்போதே செங்கல்லோடு பெயர்த்து நிழலில் வைத்திருக்கிறேன்.