பதிவேட்டில் இல்லாத வழக்கு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பெரிய சாலையில், மளிகைக் கடையின் மேல்மாடியில் 31 ஆண்டுகள் இயங்கிய வழக்கறிஞர் அலுவலகம் சென்ற மாதம் மூடப்பட்டது. எங்கள் ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிய பிறகும் அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் பழைய பெயரே இருந்தது. அதைக் கழற்றி இறக்கும்போது கீழே நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அன்று இரவு, சட்டத்துறையில் வழங்கப்படும் விருதுகளைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த அலுவலகத்தை நடத்திய வழக்கறிஞருக்கு எந்த விருதும் கிடைத்ததில்லை. அது ஏன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

என் அம்மா 1971 முதல் 1999 வரை, 28 ஆண்டுகள், பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். தோட்டம் 1993இல் கை மாறியது. 1999இல் மரங்களை அழித்துச் செம்பனை நடப் போவதாகச் சொல்லி ஆட்களை நிறுத்தியபோது, நிர்வாகம் புதிய முதலாளியின் 6 ஆண்டுகளை மட்டும் கணக்கிட்டு ஒரு தாளை நீட்டியது. வேலைநீக்க, ஆட்குறைப்புப் பலன்கள் குறித்த 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் சேர வேண்டும். நிர்வாகத்தின் கணக்கில் அம்மாவுக்கு வந்தது 120 நாள் சம்பளம். தோட்டம் கை மாறினாலும் தொழிலாளி இடைவெளியின்றி அதே வேலையில் தொடர்ந்திருந்தால் பழைய ஆண்டுகளும் சேர்ந்தே வரும் என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் 560 நாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அது யாருக்கும் தெரியாது. அம்மாவோடு சேர்த்து 14 பேர், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற முடிவில்தான் இருந்தார்கள்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா. வீட்டுல பழைய சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தா மொதல்ல அதை எடுத்துட்டு வாங்க" என்று அந்த வழக்கறிஞர் சொன்னதை அம்மா இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார். 1970களின் சம்பளச் சீட்டுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்களுக்குச் சேமநிதிக் கணக்கு, தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் எழுதியிருந்த தோட்ட முகவரி ஆகியவற்றை வைத்து அவர் ஆண்டுகளை நிறுவினார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ்த் தொழிலாளர் இலாகாவில் புகார் பதிவாயிற்று. விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது நிர்வாகம் இறங்கிவந்தது. 14 பேருக்கும் முழு ஆண்டுகளுக்கும் பணம் கிடைத்தது. அவர் யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை.

அந்த வழக்கில் தீர்ப்பு என்று எதுவும் இல்லை. விசாரணையே நடக்காததால், தீர்ப்புகளை வெளியிடும் சட்ட அறிக்கைத் தொகுப்பில் ஒரு வரிகூட இடம்பெறவில்லை. உரிமையியல் வழக்கில் ஏழைக்கு மிக நல்ல முடிவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: வழக்கு நீளாமல், மேல்முறையீட்டுக்குப் போகாமல், நடுவில் சமரசமாக. விருதுக் குழுவோ தீர்ப்புகளையும் சங்கப் பொறுப்புகளையும் கட்டுரைகளையும் பார்க்கிறது. பரிந்துரைப்பவரும் பெரும்பாலும் இன்னொரு வழக்கறிஞராகவே இருக்கிறார். கோல சிலாங்கூர் நீதிமன்றத்துக்கும் தோட்டங்களுக்கும் இடையில் அலைந்தவரின் பெயரை அங்கே யார் சொல்வார்?

பெரியவர்களுக்குக் கிடைத்த விருதுகளை நான் குறைத்துப் பேசவில்லை. சிரம்பானில் பிறந்த அம்பிகா சீனிவாசன், மலேசிய வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்தபோது, 2007 செப்டம்பரில் புத்ராஜெயாவில் ஏறத்தாழ 2,000 வழக்கறிஞர்களுடன் நீதிக்காக நடந்தார். 2009இல் அமெரிக்க அரசு, துணிச்சல் மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருதை அவருக்கு அளித்தபோது எங்கள் வீட்டில் அந்த நாளிதழைப் பல நாள் எடுத்துவைத்திருந்தோம்.

ஆனால் என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர் நவநீதம் பிள்ளை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்ட தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டர்பன் நகரில், 1941இல் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர் அவர். ஊர்க்காரர்கள் திரட்டித் தந்த பணத்தில் சட்டம் படித்தார். வெள்ளையர் அலுவலகங்கள் வேலை தராததால் 1967இல் சொந்தமாகவே தொழில் தொடங்கினார். குரூபர் அறநிலையம் பெண்ணுரிமைப் பரிசை முதன்முதலாக வழங்கிய 2003இல் அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். பின்னர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையரானார். உலகம் அவரைக் கண்டுகொள்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவரை அடையாளம் கண்டவர்கள் காசு சேர்த்துக் கொடுத்த அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் செய்தது ஒரு விருதுக்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கென்றே 2003 முதல் தனி விருதுகள் உள்ளன. குடும்பம், வீட்டுவசதி, சமூகநலம் என்று தனித்தனிப் பிரிவுகளில் வழங்குகிறார்கள். வாடகை வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்ற விடாமல் தடுத்த வேலை அங்கே ஒரு துறையாக மதிக்கப்படுகிறது. நம் நாட்டிலும் அதற்கு அடித்தளம் இருக்கிறது. வழக்கறிஞர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் செலுத்தித்தான் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் நடக்கின்றன. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஏற்பாடு இது. மன்றம் வாழ்நாள் சாதனையாளர் விருதும் வழங்குகிறது. வழக்கறிஞரின் துணையால் உரிமை பெற்றவர்கள், தங்கள் மொழியிலேயே எழுதியோ சொல்லியோ பரிந்துரைக்க ஒரு வழி இருந்தால், மேல்மாடி அலுவலகங்களில் இருப்பவர்களும் கணக்கில் வருவார்கள் என்பது என் எண்ணம். அலுவலகக் கிராணிகளையும், அதாவது எழுத்தர்களையும், சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த அலுவலகத்தில் அம்மாவின் வாய்மொழியைப் பொறுமையாகக் கேட்டு மலாயில் எழுதியவர் ஒரு கிராணிதான். அந்தத் தாள் இல்லாமல் புகாரே இல்லை.

அதனால் 14 குடும்பங்களையும் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் இறந்துவிட்டார்கள். ஏழு பேரைப் பார்த்து, அவர்கள் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதி, கைந்நாட்டும் வாங்கியாயிற்று. என் மகள் அவற்றை மலாயில் பெயர்க்கிறாள். வழக்கறிஞரிடம் சொன்னபோது, "எனக்கெதுக்கு ஐயா இதெல்லாம், அந்தக் கிராணி பேரையும் எழுதினீங்களா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறேன். மீதி மூன்று குடும்பங்களில் இரண்டு கிள்ளானிலும் ஒன்று ரவாங்கிலும் இருப்பதாகக் கேள்வி; வரும் ஞாயிற்றுக்கிழமை ரவாங்குக்குப் போகிறேன்.