பின்னால் உட்காருகிறவர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் சாலை முழுவதும் தென்னைகள் விழுந்து கிடந்தன. வலி கண்ட ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மரங்களை ஏறித் தாண்டித் தூக்கிக்கொண்டு போனோம். ஊருக்கென்று ஒரு ஆம்புலன்ஸ் வேண்டும் என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கியது. உள்ளூர்க்காரர்களும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பணம் போட்டுப் பழைய வண்டி ஒன்றை வாங்கினோம்.

2008 முதல் 108 சேவை இருக்கிறது. அதற்குப் போட்டியாக நாங்கள் இல்லை. ஆனால் தார்ச்சாலை முடிந்து, வாய்க்கால் கரை தொடங்கி, "இரண்டாவது மதகு தாண்டித் தோப்புக்குள்ளே" என்று அடையாளம் சொல்லப்படும் வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். சம்பா நட்ட பிறகு ஐப்பசி மழையில் அந்தக் கரைகளில் எங்கே சக்கரம் இறங்கும், எங்கே திருப்பலாம் என்பது ஊர்க்காரனுக்குத்தான் தெரியும்.

வழி தெரிந்த ஓட்டுநர் இருந்தால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். ஒரு கார்த்திகை இரவு அந்த எண்ணம் மாறியது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த கூலித் தொழிலாளி ஒருவர் வயிற்றுவலி என்று எழுந்தார். உடம்பில் காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுவிரியன் பாம்பு கடித்தால் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது என்பதைப் பயிற்சியில் கேட்டிருந்ததால், வண்டிக்குள் அவர் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அவை தாழ்ந்தன, பேச்சு குழறியது, பிறகு மூச்சு மேலோட்டமாகி, நின்றுவிடும் போலிருந்தது. முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருடைய மைத்துனரை அந்த முகமூடியோடு இணைந்த, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு (Ambu) பையை ஆறு விநாடிக்கு ஒரு தடவை அமுக்கச் சொன்னேன். மார்பு உயர்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் தயாராக இருந்தன. ஒன்பதாம் நாள் அவர் நடந்து வீட்டுக்கு வந்தார்.

அன்று வண்டியை ஓட்டியவர் மிகத் திறமையானவர். ஆனால் பின்னால் நோயாளியைக் கவனிக்க யாரும் இல்லாமல் எவ்வளவு வேகமாகப் போயிருந்தாலும் உடலைத்தான் இறக்கியிருப்போம்.

எங்கள் பக்கம் நடந்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1,500 லிட்டர் ஆக்சிஜன் கொண்ட சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் திறந்தால் இரண்டரை மணி நேரம் வரும். ஒரு முறை வால்வை யாரோ சரியாக மூடாததால், மூச்சுத் திணறலுடன் ஒரு பாட்டியை ஏற்றிய பிறகுதான் சிலிண்டரில் மீதியைக் காட்டும் முள் பூஜ்யத்தில் நிற்பதைக் கண்டோம். அவரை உட்கார்ந்தபடியே வைத்து அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரைந்தோம், பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணம் முடிந்ததும் முள் காட்டும் அளவை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

இந்த மழைக்காலத்து இரவு முறைக்கு ஓட்டுநர் பட்டியல் நிரம்பிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்கள் பட்டியலில் நான்கு பேர்தான் இருக்கிறோம். அதில் ஒரு பெண்கூட இல்லை. பிரசவ வலியோடு ஏறுகிற பெண் என்னைப் பார்த்துச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வலியை அடக்கி வாயைத் திறக்காமல் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடக்கிறது. நம் வீட்டு அக்காக்களும் தங்கைகளும் வர வேண்டும்.